பிரெஞ்சு வினைச்சொற்களை அசை பிரித்துச் சொல்லிப் பார்த்தபோது

வினைச்சொல் அட்டவணைகளை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் மேசையில் தட்டி அசை பிரித்து வாய்விட்டுச் சொல்லி வருகிறேன். அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

பிரெஞ்சில் அழுத்தம் தனிச்சொல்லுக்குச் சொந்தமில்லை. ஒரே மூச்சில் வரும் சொற்கூட்டத்தின் கடைசி அசைக்குத்தான் அது போகும். 'ஜ பார்ல்' (நான் பேசுகிறேன்) என்றால் 'பார்ல்' ஓங்கும். 'ஜ பார்ல் ஃப்ரான்ஸே' என்று நீட்டினால் அது தணிந்து 'ஸே' ஓங்கும். நான், நீ, அவன், அவர்கள் என எதற்கு எழுதினாலும் விகுதி வாயில் வராது. 'பார்ல்' ஒரே அசைதான். நாம், நீங்கள் இரண்டுக்கு மட்டும் 'பார்லோன்', 'பார்லே' என விகுதி ஒலிக்கும், அழுத்தமும் அதன் மேல் போய்விடும்.

இது பிடிபட்டதும் 'அஷ்தே' (வாங்குதல்) தெளிந்தது. எழுத்தில் மூன்று அசை. பேச்சில் நடுவில் உள்ள மெலிந்த உயிர் உதிர்ந்து இரண்டு. 'நான் வாங்குகிறேன்' என்னும்போது விகுதி ஒலிக்காததால் அழுத்தம் அந்த மெலிந்த உயிர்மேலேயே விழுகிறது. அது 'எ' என்று திறந்து 'ஜஷெத்' ஆகிறது. எழுத்திலும் அந்த உயிரின் மேலே சாய்கோடு (è) வருகிறது. 'நூ ஸஷ்தோன்' (நாம் வாங்குகிறோம்) என்னும்போது அழுத்தம் விகுதிக்குப் போகிறது, சாய்கோடும் மறைகிறது. விதிவிலக்கு என்று உருப்போட வேண்டியதே இல்லை!

'வனீர்' (வருதல்) இன்னும் பழைய கதை. பிரெஞ்சு பிறந்த லத்தீனில் 'வெனியோ'வுக்கு (வருகிறேன்) முதல் அசையில் அழுத்தம், 'வெனீமுஸ்'ஸுக்கு (வருகிறோம்) இரண்டாவதில். அழுத்தம் பெற்ற உயிர் உடைந்து 'வியேன்' ஆயிற்று. பெறாதது மெலிந்து 'வனோன்' என நின்றது. 'எமே' (நேசித்தல்) என்ற சொல்லிலும் இப்படி வேறுபாடு இருந்தது. பழைய பிரெஞ்சில் நாம் என்பதற்கு 'அமோன்'. பிற்பாடு எல்லா வடிவங்களும் ஒன்றாகி 'எமோன்' ஆகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'தோன்-ல' (அதைக் கொடு). வேறு இடங்களில் உதிர்ந்துபோகும் அந்த மெலிந்த உயிர், இங்கே கடைசியில் நிற்பதால் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது.

அடுத்து எதிர்காலம். 'ஜஷெத்ரே'யில் (நான் வாங்குவேன்) அழுத்தம் கடைசிக்குப் போன பிறகும் சாய்கோடு அப்படியே இருக்கிறது. பின்னால் வரும் உயிர் உதிர்ந்து 'ஷெத்' மூடிய அசை, அதாவது மெய்யில் முடியும் அசை, ஆவதுதான் காரணம். 'ப்ரெஃபெரே' (விரும்புதல்) போன்றவற்றின் எதிர்காலத்துக்கும் இதே சாய்கோட்டை 1990 எழுத்துச் சீர்திருத்தம் பரிந்துரைத்தது. பழைய எழுத்தும் புழக்கத்தில் இருப்பதால், இரண்டையும் அருகருகே எழுதிச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.