கொரோலா எஞ்சினில் பிடித்துக்கொண்ட கிராங்க்‌ஷாஃப்ட்

1994இல் பதிவான என் டொயோட்டா கொரோலாவுக்கு 2024இல் சிஓஇயை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை) மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தபோது, அத்தனை பணம் கட்டிய வண்டிக்கு எஞ்சினையும் முழுவதும் பிரித்துச் செப்பனிட்டுவிடுவதே முறை என்று முடிவு செய்தேன். காக்கி புக்கிட்டில் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர் தம் இடத்திலேயே அந்த வேலையைச் செய்துகொள்ள இடம் கொடுத்தார். எஞ்சின் 1,600 சிசி கொண்ட 4ஏ-எஃப்இ வகை; பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அதன் கிராங்க்‌ஷாஃப்ட் ஐந்து மெயின் பேரிங்குகளில் உட்காரும்.

புதிய பேரிங்குகளை (ஒவ்வொன்றும் மேல், கீழ் என இரண்டு அரைவட்ட ஷெல்கள்) எண்ணெய் தடவிப் பொருத்தி, அவற்றை மூடிப் பிடிக்கும் கேப்களின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கி 60 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்தபோது, கிராங்க் கையால் திருப்ப முடியாதபடி பிடித்துக்கொண்டது. பிஸ்டன்களும் பின்பக்க ஆயில் சீலும் இன்னும் ஏறாத நிலையில் அது இலகுவாகச் சுழல வேண்டும். நீண்ட கம்பியை மாட்டித் திருப்பினால் ஓட ஓடத் தளர்ந்துவிடும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அண்ணன் உடனே மறுத்தார்: “வேண்டாம் தம்பி, காரணம் தெரியாம ஒரு சுற்றுகூடச் சுத்தாதீங்க.”

ஐந்து கேப்களையும் கழற்றி, அவற்றின் வரிசை எண்ணும் முன்பக்க அம்புக்குறியும் சரியாக இருப்பதையும், ஷெல்களின் பின்னால் தூசியோ பிசிறோ இல்லை என்பதையும் பார்த்தோம். நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து அளந்ததில், கிராங்குக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே எல்லா இடைவெளிகளும் 0.015 முதல் 0.033 மில்லிமீட்டர் என்ற வரம்புக்குள் இருந்தன. கிராங்க் வளைந்திருந்தால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளரும். இதுவோ எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஒரே மாதிரி இறுகியது. ஒரு கேப்கூட இல்லாமல் மேல் ஷெல்களின் மீது வெறுமனே கிடத்தியபோதும் இறுக்கம் குறையவில்லை என்பதுதான் எங்களுக்கு வழிகாட்டியது. கேப் இல்லாமலே பிடிக்கிறதென்றால் தடை பேரிங்கில் உட்காரும் உருளைப் பகுதியான ஜர்னலைச் சுற்றி இல்லை, நீளவாக்கில் இருக்கிறது.

நடு பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள்தாம் கிராங்க் முன்பின் நகர்வதைக் கட்டுப்படுத்துகின்றன. அந்த நகர்வு 0.02 முதல் 0.22 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தபோது டயல் கேஜின் முள் அசையவேயில்லை. கிராங்கை இறக்கும்போதே அந்த இடத்தில் கையால் அழுத்த வேண்டியிருந்ததன் பொருளும் அப்போது புரிந்தது.

வாஷர்களை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தோம். ஸ்டாண்டர்டு வாஷரின் கனம் 2.440 முதல் 2.490 மில்லிமீட்டர் வரை, இவையோ 2.52 காட்டின. உறையில் ஸ்டாண்டர்டு என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருந்தவை இரு பக்கமும் சேர்த்து 0.125 மில்லிமீட்டர் கூடுதல் கனம் தரும் ஓவர்சைஸ் வாஷர்கள். பக்கத்துக்கு 0.06 கூடியதால் இருக்க வேண்டிய இடைவெளி முழுவதும் அடைபட்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் எண்ணெய்ப் படலத்துக்கே இடமில்லாமல், ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் வாஷரும் கிராங்கின் முகமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

வாஷர்களைத் தேய்த்து மெலிதாக்கலாம் என்ற யோசனையும் வந்தது. இரு முகங்களும் இணையாக அமையாமல் போனால் புதுச் சிக்கல் என்பதால் அதை விட்டுவிட்டு, கடையில் மாற்றி வாங்கிய ஸ்டாண்டர்டு வாஷர்களை அங்கேயே அளந்து பார்த்த பிறகு, எண்ணெய்ப் பள்ளங்கள் வெளிநோக்கி இருக்குமாறு பொருத்தினேன். டயல் கேஜ் 0.11 காட்டியது. பிறகு ஒவ்வொரு கேப்பாக இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின் கிராங்கைச் சுற்றிப் பார்த்தோம்; ஐந்தும் முழு இறுக்கத்தில் இருந்தபோதும் அது கையாலேயே தடையின்றிச் சுழன்றது. அதன் பிறகே பிஸ்டன்களைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளை எடுத்தோம்.