"வீட்டிலும் இருப்பார்தானே?"

"வீட்டிலும் ஆண்டவர் இருப்பார்தானே அம்மா?" என்று கேட்டார் உபதேசியார் ஐயா. "இருப்பார் ஐயா" என்றேன். சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் அவருக்கு முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன். அடுத்த நோயாளி வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். கேள்வியை முழுதாகக் காதில் வாங்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. போன் செய்தால் மகன், "அப்பா போதும் என்கிறார், சிஸ்டர்" என்றார். டாக்டர் பேசினார், நானும் பேசினேன். 11 நாளில் அடக்க ஆராதனை.

வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், 2 வருடம். இயந்திரம் ஓடும்போது சில நாள் இரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அப்போதெல்லாம் காலை நீவிவிட்டபடி, "ஆண்டவர் கூட இருக்கிறார் ஐயா" என்பேன். வாய்ப்பழக்கத்தில் சொன்னதில்லை. என் அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் பிடித்துக்கொண்டு நின்ற வார்த்தை அது.

23ஆம் சங்கீதத்தைப் பற்றி அவர்தான் ஒரு மத்தியானம் எனக்குச் சொன்னார். புல்வெளியிலும் தண்ணீர் அண்டையிலும் 'அவர்' என்று தூரத்தில் வைத்துப் பேசுகிற தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்கில் கால் வைத்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று முகம் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறானாம். இவ்வளவு தெரிந்தவருக்கு என் பதிலால் என்ன ஆகியிருக்கும்? அவர் முன்னமே முடிவெடுத்திருப்பார். இப்படி எண்ணும்போது மனம் சற்று ஆறுகிறது.

ஆனால் இவ்வளவு தெரிந்தவர் ஏன் என்னிடம் கேட்டார்? அன்று அவர் விடை கேட்டாரா, என்னிடம் விடைபெற்றாரா?

எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கோரி, "போதும் கர்த்தாவே" என்றுதான் சொன்னான். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கியவனை இரண்டாந்தரமும் எழுப்பினான். நான் ஒரு தரம்கூடத் தட்டவில்லை. "ஏன் ஐயா கேட்கிறீர்கள்?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மருத்துவமனைக்கு வந்துபோகிற செலவும், மகன் வேலைக்கு லீவு போடுவதும் அவரை அரித்துக்கொண்டிருந்தன என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய 'போதும்' விசுவாசமா, களைப்பா, பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணமா? கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

எலியாவுக்கு இன்னும் போக வேண்டிய தூரம் இருந்தது, அதனால் எழுப்பப்பட்டான். எல்லோருக்கும் தூரம் இருக்கும் என்று யார் சொன்னது? தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசையுண்டு என்று அப்போஸ்தலன் பவுல் எழுதவில்லையா? இரவில் இதைச் சொல்லிக்கொண்டு தூங்குகிறேன். காலையில் அந்தப் படுக்கைக்கு விரிப்பு மாற்றும்போது மறுபடி எலியா வந்துவிடுகிறான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவி வார்டுக்கு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மூச்சு வாங்கும்போதெல்லாம், சிஸ்டர் சொன்னார்கள், வீட்டிலும் இருக்கிறார் என்று, அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் அம்மா" என்றார். என் கைகளை நான் விலக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை.