ஆயாவின் வயது

ஆறாம் வகுப்பு எடுப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு எடுக்கிறவருக்குத்தான் ஸ்டாஃப் ரூமில் மரியாதை, ரிசல்ட் அவர் கையில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு புதிதாக வருகிறவர் தலையில் விழும். 2012 ஜூனில் என் தலையில் விழுந்தது. தண்டராம்பட்டுக்கும் அரூருக்கும் நடுவே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்.

பாடம் வரலாறு என்றால் என்ன என்பதில் ஆரம்பிக்கும். கைடுகளில் இதற்கு ரெடிமேட் விடை உண்டு: வரலாறு என்ற சொல் இஸ்டோரியா என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, விசாரித்து அறிதல் என்பது அதன் பொருள். இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கிரேக்கத்திலிருந்து வந்தது ஹிஸ்டரி. வரலாறு எப்போது கிரேக்கம் போனது? வரல், ஆறு, வந்த வழி, அவ்வளவுதான். ஆனால் விசாரித்து அறிதல் என்பது பிடித்திருந்ததால் அதையும் போர்டில் எழுதிவிட்டு, வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் தாத்தா பாட்டி பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை செய்தார்கள், இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று வீட்டில் விசாரித்து ஒரு பக்கம் எழுதி வாருங்கள். பி.எட். படித்த காலத்தில் இதை நல்ல யோசனை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் ஒரு மாணவி வெறும் நோட்டைக் கொண்டுவந்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மறுநாள் அவளுடைய ஆயாவே வந்துவிட்டார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள். பள்ளி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"எங்க வரலாறு உங்களுக்கு எதுக்கு சார்? அதத் தெரிஞ்சிக்கினுதான எங்கள எங்க நிக்க வைக்கறதுன்னு ஊர்ல முடிவு பண்றாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவர், ஒரு விவரம் கேட்பதுபோலக் கேட்டார். ஊர்ப் பேச்சில் வரலாறு என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. "அவன் வரலாறு எனக்குத் தெரியாதா?", "உன் வரலாற எடுத்து வுடட்டுமா?" என்றுதான் சண்டையில் கேட்கிறார்கள். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அது மட்டுமே பொருள். நான் என்னவோ சோழர் பாண்டியர் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. இந்தப் பாடத்தில் வரும் சொற்களெல்லாம் பிள்ளைகளுக்குப் புதியவை என்று நினைத்துக்கொண்டு நாம் விளக்கம் சொல்கிறோம். ஆனால் அவை ஏற்கெனவே அவர்கள் வீட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சமூகம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் கூடி வாழ்வது சமூகம் என்று விளக்கம் எழுதிப் போட்டுவிட்டு, உதாரணம் சொல்லுங்கள் என்றேன். ஒருவன் எழுந்து தன் சாதிப் பெயரைச் சொன்னான். "எங்க சமூகத்துக்குத் தனி மண்டபம் கீது சார்." அவனைக் குறை சொல்ல முடியாது. இரு சமூகத்தினரிடையே மோதல் என்று பேப்பரில் போட்டால் யாரும் பொருள் கேட்பதில்லை. நான் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது என்னிடமும் கேட்டார்கள், "சார் எந்தச் சமூகம்?" என்று. சாதி என்று கேட்டால் அசிங்கம், சமூகம் என்று கேட்டால் நாகரிகம். நான் நடத்தும் பாடத்தின் பெயரே சமூக அறிவியல்.

சத்துணவுத் தட்டை வைத்து அதைச் சரிசெய்யப் பார்த்தேன். இந்தத் தட்டில் இருப்பது உன் கைக்கு வர யார் யார் வேலை செய்தார்கள் என்று பட்டியல் போடச் சொன்னேன். நாற்று நட்டவர், மில்காரர், லாரி டிரைவர், வேதாரண்யத்தில் உப்பளத்தில் நிற்பவர், நாமக்கல்லில் கோழிக்குத் தீவனம் போடுபவர், இங்கே சமைப்பவர், தட்டைத் தகரத்தில் அடித்தவர் என்று முப்பதைத் தாண்டிப் போனது. நல்ல பாடம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இதுல யார் இன்னா சமூகம்னு தெரியாமயா சார் துன்றோம்?" விளையாட்டாகத்தான் கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டதற்குப் பதிலாக, அடுத்த வாரம் நான் பிள்ளைகளை ஏரிக்கரை வேடியப்பன் கல்லுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, பழைய நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல், பிறகு சாமியாகிவிட்டது. எங்கள் ஊர்க் கல்லில் எழுத்தெல்லாம் தேய்ந்து, எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கிடக்கிறது. அதனால் எடுத்தனூர் நடுகல்லின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். தண்டராம்பட்டுப் பக்கம்தான் அந்த ஊர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்ததைச் சொல்கிறது. பக்கத்திலேயே ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

நாய்க்குப் பெயர் உண்டு என்றதும் வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. ராஜா பெயரை ஒருவரும் கேட்கவில்லை. மறுநாளே ஊரில் இரண்டு குட்டிகளுக்குக் கோவிவன் என்று பெயர்.

அந்தக் கல்லில் கி.பி. எல்லாம் இருக்காது. மகேந்திரவர்மனுக்கு இத்தனையாவது ஆண்டு என்றுதான் ஆரம்பிக்கும். அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனை வருடம் என்பதுதான் அன்றைய காலண்டர். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வெறும் நோட்டுக் கொண்டுவந்தவள் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "எங்க ஆயாவும் அப்பிடித்தான் சார் சொல்லும். சாத்தனூர் டேம் தெறந்த வருசந்தான் எனக்குக் கண்ணாலம் ஆச்சுன்னு."

சாத்தனூர் அணை 1958. சரி, ஆயாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வா என்றேன். இந்த முறை ஆயா உள்ளே வந்தார். வயது மட்டும்தான் கேட்பேன், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். நாற்காலியில் உட்காரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணம் ஆகும்போது என்ன வயது என்று பேத்தியே கேட்டாள். "ஆருக்குத் தெரியும்? பெரிய மனுசியாகி ஒரு வருசம் இருக்கும்." பதினாலு என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் பிறந்தது 1944 வாக்கில், 2012இல் வயது அறுபத்தெட்டு. வகுப்பே விரல் விட்டு எண்ணியது.

ஆயா சுருக்குப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தார். பேத்தி சொல்லித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி, ஓரத்தில் வெற்றிலைக் கறை. 1.1.2003 அன்று வயது 48 என்று அச்சாகியிருந்தது. முதல் பெஞ்சுக்காரன் உடனே கணக்குப் போட்டான். 48ஐக் கழித்தால் 1955. அப்புறம் 1958இலிருந்து 1955ஐக் கழித்தான்.

"சார், கார்டுபடி ஆயாவுக்கு மூணு வயசுல கண்ணாலம்!"

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஆயாவும் சிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தாராம், வயது பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அட்டைக்குப் பெயர் எழுத வந்த பையன், ஆயாவைக் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். "நல்லா இருந்தன்போல அப்ப" என்றார்.

வரலாற்றுச் சான்றுகள் இருவகைப்படும், எழுதப்பட்டவை, எழுதப்படாதவை என்று அன்று நடத்த வேண்டியது. எழுதப்பட்டதுதான் நம்பத் தகுந்தது என்று நானும் அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தவன்தான். ஒரு பையன் கேட்டான், "டேம நாமளே போய்ப் பாக்கலாமே சார், அங்க வருசம் எழுதியிருக்குமே, அத வெச்சு ஆபீஸ்ல சொல்லக் கூடாதா?" விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அலைந்தோம். வயதுச் சான்று மருத்துவரிடம் வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கினால் வேறொன்று கேட்டார்கள். ஒரு கட்டத்தில் ஆயாவே போதும் என்றுவிட்டார், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அரசு வேறு, அரசாங்கம் வேறு, அரசாங்கம் மாறும், அரசு மாறாது என்று அந்த மாதமே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டையும் கவர்மெண்ட் என்றுதான் சொல்வார்கள், விட்டுவிட்டேன்.

உத்திரமேரூர் பாடம் மட்டும் வருடா வருடம் களைகட்டும். 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கிறது. முப்பது குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்க வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள் என்பேன். முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவருடைய உறவுக்காரர்களும் கூடாது என்று படித்ததும் கைதட்டுவார்கள். வயது 35 முதல் 70, சிலர் உட்காருவார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், இருக்க வேண்டும். பாதி வகுப்பு உட்காரும். சொந்த மனையில் வீடு. புறம்போக்கில் குடியிருப்பவர்கள் உட்காருவார்கள். ஆயாவையோ அம்மாவையோ நினைத்தவர்கள் எல்லாரும் உட்காருங்கள். கடைசியாக, வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம் அல்லவா? ஒருவரும் நிற்கமாட்டார்கள். இப்போது ஓட்டுப் போட 18 வயது ஆனால் போதும், நில்லுங்கள், 1989க்கு முன்பு அதுவே 21 என்பேன். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று மேடையில் பேசுகிறவர்களை இந்த வகுப்புக்கு ஒருமுறை கூட்டிவர ஆசை.

சித்தேரி, சிட்லிங்கிப் பக்கத்துத் தண்டாக்களிலிருந்து, அதாவது லம்பாடிக் குடியிருப்புகளிலிருந்து, பிள்ளைகள் சிலர் எங்களிடம் படித்தார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டால், "மொழி இல்ல சார், சும்மா பேச்சு. அதுக்கு எழுத்து இல்ல" என்றான் ஒருவன். எழுத்து வேறு, மொழி வேறு. இதே தமிழை எடுத்தனூர்க் கல்லில் வட்டெழுத்தில் வெட்டினார்கள், 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தும் வரை லை, னை, றா எல்லாம் வேறு மாதிரி இருந்தன, அதனால் தமிழ் மாறிவிட்டதா என்று கேட்டேன். தலையாட்டினான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லம்பாடி மொழியை இந்தியின் கீழ் சேர்த்திருக்கிறார்கள் என்ற தகவலையும் சொன்னேன், ஏன் சொன்னேனோ. உடனே கேட்டான்: "அப்ப எனக்கு இந்தி தெரியுமா சார்?" தண்ணீரைப் பாணி என்கிறாயே, அவ்வளவு தெரியும் என்றேன்.

2015 பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள், அதே வேப்பமரத்தடியில் ஆயா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பையில் பொட்டுக்கடலையும் வெல்லமும். பேத்தி அப்போது எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அட்டைப்படி வயது நிறைந்துவிட்டதால் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டுமாம், விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்திருந்தார். பெயர், ஊர் எழுதிவிட்டு, வயது என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"அறுவதுன்னே போடு சார்" என்றார். "அவங்க கணக்குல நான் இப்பத்தான கெழவியாயிக்கீறன்."