அடித்தள அறைக்கு மைக்ரோ நொடியைக் கொண்டுவந்த கதை

எங்கள் அளவீட்டு அறை அடித்தளத்தில் இருக்கிறது. அதிர்வு குறைவு, வெப்பநிலையும் பெரிதாக மாறாது. துல்லியமான நேரத்தையும் தரும் செயற்கைக்கோள் அமைப்பான ஜிபிஎஸ்ஸுக்குத்தான் ஆகாது. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் திறந்த வெளியிலேயே −130 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) என்ற மிகப் பலவீனமான அளவில்தான் இருக்கும். அத்தனை கான்கிரீட்டைத் தாண்டிக் கீழே எதுவும் வராது. எங்களுக்கோ இரண்டு பதிவுக் கருவிகளின் நேரம் ஒரு மைக்ரோ நொடிக்குள் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒத்துப்போக வேண்டும். மாடியிலிருந்து ஆன்டெனா கேபிள் இறக்கத் துளை போட அனுமதி இல்லை.

நேரத்தை ஒலிபரப்பும் நெட்டலை வானொலி நிலையங்களைக் காகிதத்திலேயே கழித்தோம். ஜெர்மனியின் டிசிஎஃப்77, அமெரிக்காவின் டபிள்யுடபிள்யுவிபி போன்றவை சுவரைத் தாண்டி வரும்தான். ஆனால் நொடிக்கு ஒரு பிட் வீதம் வந்து, முழு நேரம் தெரிய ஒரு நிமிடம் ஆகும். சுவர்க் கடிகாரத்துக்கு அது தாராளம். எங்களுக்கு மில்லி நொடித் துல்லியம் போதாது.

அடுத்து, இணையம் வழியாகக் கணினி நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி நெறிமுறை. அதற்கான குரோனி மென்பொருள் காட்டிய எண்கள் பார்க்க அழகாகவே இருந்தன. அதுதான் ஆபத்து. செய்தி சர்வருக்குப் போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு என்டிபி கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் 2 மில்லி நொடி வித்தியாசம் இருந்தால் கடிகாரம் 1 மில்லி நொடி தள்ளி நிற்கும். எந்த வரைபடமும் அதைக் காட்டிக் கொடுக்காது.

கடைசியில் கைகொடுத்தது, உள் நெட்வொர்க்கில் இன்னும் துல்லியமாக நேரம் பகிரும் பிடிபி நெறிமுறை. மேல்தள ஜன்னலோரம் ஜிபிஎஸ் ரிசீவருடன் ஒரு கிராண்ட்மாஸ்டர், அதாவது மற்றவற்றுக்கு நேரம் சொல்லும் தலைமைக் கடிகாரம். ஆன்டெனா இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், நேரத்துக்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் போதும். ஜன்னல் வானமே சமாளித்தது. அங்கிருந்து ஏற்கெனவே இருந்த ஃபைபர் வழியாகக் கீழே வந்தோம். வழியில் உள்ள சுவிட்சுகளும் பிடிபி தெரிந்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்கெட் வரிசையில் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பழைய சுவிட்ச் ஒன்றை மாற்றினோம். பாக்கெட் வந்து போகும் நேரமுத்திரையை நெட்வொர்க் கார்டு வன்பொருளிலேயே குத்துகிறதா என்று லினக்ஸின் 'எத்டூல்' கட்டளை சொல்லிவிடும். இன்டெல் ஐ210 கார்டு குத்தும். நொடிக்கு ஒரு மின்துடிப்பையும் வெளியே தரும்.

சரி, கீழே வந்தது சரியான நேரம்தானா? பாதைச் சமமின்மை பிடிபியையும் விடாது. அதனால் ஒரு ரூபிடியம் அணுக் கடிகாரத்தை மேலே ஜிபிஎஸ்ஸோடு ஒத்திசைத்து, பேட்டரியில் ஓடவிட்டபடியே படியிறக்கி, அதன் துடிப்பையும் பிடிபி வழி வந்த துடிப்பையும் ஆஸிலோஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புது யோசனை ஒன்றும் இல்லை. 1960களில் ஹியூலட் பேக்கர்டு பொறியாளர்கள் சீசியம் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் இதைத்தான் செய்தார்கள். வித்தியாசம் மைக்ரோ நொடிக்கு நன்றாகவே உள்ளே இருந்தது. அதிலும் மாறாமல் நின்ற பகுதியை அமைப்பிலேயே கழித்துவிட்டோம்.

அப்புறம் ஒன்று. கணினி நேரம் அச்சாக 37 நொடி தள்ளித் தெரிந்தால் கேபிளைப் பிடுங்க வேண்டாம். பிடிபி ஓடுவது லீப் நொடி (பூமியின் சுழற்சிக்கு ஏற்பச் சேர்க்கப்படும் நொடி) சேராத டிஏஐ எனும் அணு நேரத்தில். 2017 முதல், அன்றாடக் கடிகாரங்களின் அடிப்படையான உலகப் பொது நேரம் யுடிசியோடு அதற்குள்ள இடைவெளி அவ்வளவுதான். கிராண்ட்மாஸ்டர் அந்த எண்ணைச் சரியாக அறிவிக்கிறதா என்று பாருங்கள்.