வாட் கணக்கை விடுங்கள், பெட்டியைப் பாருங்கள்

மொட்டை மாடிக்கும் வெளியூருக்கும் தூக்கிக்கொண்டு போக, பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் ஒன்றை நானே செய்து வைத்திருக்கிறேன். அதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நான் கடைசியாகப் பார்த்த விஷயம் அது.

வாட்டை நாமே கணக்குப் போட்டுவிடலாம். இந்த மாதிரி ஸ்பீக்கருக்குப் போடும் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போர்டுகளில் சத்தம் உடையாமல் அதிகபட்சம் எவ்வளவு வரும் என்றால், பேட்டரி வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் (மின்தடை அளவின்) இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 5 வோல்ட், 4 ஓம் என்றால் 25-ஐ 8-ஆல் வகுத்து 3 வாட் சொச்சம். 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம் 8403 ஆம்ப் போர்டை 3 வாட் என்று சொல்லி விற்பது அதனால்தான். 12 வோல்ட்டில் ஓடும் வேறு போர்டு என்றால் 4 ஓமில் 18 வாட், 8 ஓமில் 9 வாட். போர்டு மேல் என்ன அச்சடித்திருந்தாலும் இதைத் தாண்டாது.

சரி, வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகுமா? ஆகாது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவே. ஆனால் 84 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் உள்ளதை வாங்கினால், அதே 3 வாட் 12 வாட் மாதிரி பேசும், பேட்டரியும் கூடுதலாகச் செலவாகாது. சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கப் போனால் ஓமையும் வாட்டையும் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல் இதையும் கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் டேட்டா ஷீட் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் பெட்டி. ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டால் பேஸ் இருக்கவே இருக்காது. ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) முன்னால் தள்ளும்போது பின்னால் காற்று இழுபடுகிறது, தாழ்ந்த சத்தங்களில் இந்த இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அதைத் தடுக்கத்தான் பெட்டி. நான் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தேன், மூலைகளில் உள்பக்கம் ஃபெவிகால் தாராளமாகப் பூசி, ஒயர் வெளியே வரும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தேன். காற்று கசிகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: கோனை நாலு விரலால் ஓரத்தைச் சுற்றி மெதுவாக, சமமாக அழுத்திவிட்டு விட வேண்டும். டக்கென்று துள்ளித் திரும்பினால் எங்கேயோ கசிவு இருக்கிறது. காற்று தடுப்பது விரலில் தெரிய, ஒரு கணம் தயங்கி நிதானமாக எழும்பினால் பெட்டி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கடைசித் திருகாணி ஓட்டையை அடைத்ததும் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரிந்தது, அடுத்துப் பாட்டுப் போட்டபோது மிருதங்கத்தின் தொப்பி நாதம் தனியாகக் கேட்டது. இதற்காகவே இன்னும் பத்துப் பெட்டி செய்யலாம் போலிருந்தது.

ஆம்ப்பில் ஒன்று கவனியுங்கள். இந்த போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஆம்ப் இயக்குகிறது, மைனஸ் என்று போட்டிருப்பது கிரவுண்ட் இல்லை. இடது, வலது மைனஸ்களை ஒன்றாகக் கட்டினாலோ பேட்டரி மைனஸோடு சேர்த்தாலோ போர்டிலுள்ள ஐசி (சிப்) போய்விடலாம்.

புளூடூத் போர்டையும் ஆம்ப்பையும் ஒரே பேட்டரியில் ஓட்டினால் பாட்டுக்குப் பின்னால் கிர்ர் என்று ஓர் இரைச்சல் வரும், நிறையப் பேர் புளூடூத் போர்டு மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். புளூடூத் இழுக்கிற கரண்ட்டும் ஆடியோவும் ஒரே கிரவுண்ட் ஒயரில் போவதுதான் பெரும்பாலும் காரணம். பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டட் கன்வெர்ட்டரை (இரண்டு பக்கத்து ஒயர்களும் நேரடியாகச் சேராமல் 5 வோல்ட்டைக் கடத்துவது) புளூடூத்தின் 5 வோல்ட் வழியில் வைத்தால் அந்தப் பாதை அறுந்து, இரைச்சல் அடங்கிவிடும்.

பேட்டரிக்கு மூன்று 18650 லித்தியம் செல்களைத் தொடராக வைத்தேன். முழு சார்ஜில் 12.6 வோல்ட். 2500 எம்ஏஎச் செல் என்றால் மொத்தம் 27 வாட்-அவர் சொச்சம் வரும், மிதமான சத்தத்தில் பாட்டுக்குச் சராசரியாக 3, 4 வாட்தான் போகும் என்பதால் 6 மணி நேரமாவது தாராளமாக ஓடும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததை நான் தொடவே மாட்டேன். செல் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், ஹோல்டர் வாங்குங்கள், இல்லையென்றால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பேட்டரியைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டு கட்டாயம் வேண்டும், ஆனால் அது சார்ஜர் இல்லை. அதிகமாக ஏறினால், அதிகமாக இறங்கினால், ஷார்ட் ஆனால் துண்டிப்பதுதான் அதன் வேலை. சார்ஜ் செய்ய, கரண்ட்டைக் கட்டுப்படுத்தி 12.6 வோல்ட்டில் நிறுத்தும் லித்தியம் சார்ஜரைத் தனியாக வாங்குங்கள், வீட்டில் கிடக்கிற பழைய 12 வோல்ட் அடாப்டரைச் சொருக வேண்டாம்.