குழலில் ரிக்பி என்று இருக்கிறது, லைசென்ஸில் எழுதிய துப்பாக்கி எண் தப்பாக இருக்கிறது: எங்கள் .275-ன் கதை

போன வாரம் லண்டனில் ரிக்பி துப்பாக்கிக் கம்பெனியிடம் இருந்து, எங்கள் வீட்டு ரைஃபிளைப் பற்றிக் கடிதம் வந்தது. ஒரே ஒரு பக்கம்தான். அதை வாங்க எனக்கு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, அதில் முக்கால்வாசி எங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் யாரோ எப்போதோ தப்பாக எழுதிவைத்த ஒரு எண்ணால் போனது. வீட்டில் துரை காலத்துத் துப்பாக்கி இருந்து, அது பெரிய கம்பெனி சரக்கு என்று தாத்தா சொன்னதை மட்டும் நம்பிக்கொண்டு இருப்பவர்கள், யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால் எண்ணைப் பாருங்கள்.

தாத்தா ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். 1950களில் துரை ஊருக்குத் திரும்பும்போது லைசென்ஸ் மாற்றி அவரிடம் விட்டுப்போன ரைஃபிள் இது. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது, அதற்கப்புறம் பீரோவை விட்டு அது வெளியே வந்தது லைசென்ஸ் புதுப்பிக்கவும் ஆயுத பூஜைக்கும்தான். அப்பா இறந்தபின் டீலரிடம் ஒப்படைத்தது, வாரிசுச் சான்றிதழ், தங்கைகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம், போலீஸ் ரிப்போர்ட், என் பெயருக்கு உரிமம் எல்லாம் ஏழு மாதத்தில் முடிந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

சிக்கல் டீலரிடம் திரும்ப வாங்கப் போன அன்று ஆரம்பித்தது. கடைக்காரர் குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரிக்பி இல்லை சார், கல்கத்தாவில் பெயர் வெட்டினது. அந்தக் காலத்துல நிறைய வரும். நாற்பதாயிரம் தரேன், வச்சிட்டுப் போங்க" என்றார். கூடவே, விற்க மனசில்லை என்றால் துருவைத் தேய்த்துப் புதுசாகக் கறுப்பு ஏற்றித் தருவதாகவும் சொன்னார். அப்பா வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்த பொருளை இரும்பு விலைக்குப் பேசினது எனக்கு இன்னும் ஆறவில்லை. விற்கவில்லை, கறுப்பு ஏற்றவும் விடவில்லை. அது நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று பிறகு தெரிந்தது. தேய்த்து மெருகு ஏற்றினால் எழுத்தின் விளிம்பும் சோதனை முத்திரைகளும் மழுங்கிவிடும், அப்புறம் யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜான் ரிக்பி சாதாரணப் பெயர் இல்லை. டப்ளினில் ஆரம்பித்து லண்டனுக்கு வந்த கம்பெனி, அந்தக் குடும்பத்து ஜான் ரிக்பி 1887-ல் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கே சூப்பரிண்டெண்டெண்ட் ஆனவர். ஆட்கொல்லியான சம்பாவத் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் பரிசளித்தது .275 ரிக்பிதான். இவ்வளவு பேர் இருந்தால் போலியும் இருக்கும். இன்னொரு பக்கம், கடையின் பெயர் வெட்டியிருப்பதாலேயே போலி என்றும் ஆகாது. கல்கத்தாவில் மேன்டன், ராடா, மெட்ராஸில் பி.ஓர் அண்ட் சன்ஸ் மாதிரி கடைகள் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியைத் தங்கள் பெயர் போட்டே விற்றிருக்கின்றன. மவுண்ட் ரோட்டில் இன்றைக்குக் கடிகாரம் வாங்கப் போகிறோமே, அதே ஓர் தான்.

.275 ரிக்பி என்பது ஜெர்மன் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர். துப்பாக்கியின் நடுப்பகுதியான ஆக்‌ஷனும் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் மௌசர் தொழிற்சாலையில் செய்து வந்தது. குழல், கட்டை, குறி, வேலைப்பாடு எல்லாம் லண்டனில். இதை நான் அப்போதே புரிந்துகொண்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ரிக்பி கம்பெனி இன்றும் இருக்கிறது, பழைய பேரேடுகளும் அவர்களிடம் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். 2023 ஜூனில் லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்பினேன். சில வாரத்தில் மரியாதையாகப் பதில் வந்தது: அந்த எண் வேறு வகைத் துப்பாக்கிக்கு உரியது, பொருந்தவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கடைக்காரர் சொன்னதுதான் சரியோ, தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களோ என்று அம்மாவிடம் கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நண்பர் ஒருவர் மூலம் ஓய்வு பெற்ற போலீஸ் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரைப் பிடித்தேன், வயது எழுபதுக்கு மேல், லைசென்ஸ் உள்ள ஒரு பட்டறையில் வாரம் இரண்டு நாள் வந்து உட்காருவார். போனிலேயே கேட்டார்: "எந்த நம்பர் தம்பி? இந்த மாதிரி துப்பாக்கியில குறைஞ்சது ரெண்டு இருக்கும்." 2024 மார்ச் மூன்றாவது வாரம் வரச் சொன்னார். மார்ச் 16-ம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவித்தார்கள், அடுத்த இரண்டாவது நாள் ஸ்டேஷனில் இருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று. ஜூன் மாதம் நடத்தை விதிகள் முடியும் வரை கையில் கிடைக்கவில்லை.

திரும்ப வாங்கும்போது கட்டையில் விரல் நீளத்துக்குப் புதுக் கீறல், குழல் முனையில் செந்துரு. ரெக்ஸின் உறையோடு சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அந்த அறையில் ஈரம் ஏறிய சுண்ணாம்பு வாசம் அப்படியே இருந்தது. ரசீதில் "ரைஃபிள் 1" என்று மட்டும் எழுதியிருந்ததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. தயவுசெய்து, தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது எண், நிலைமை இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், கொடுக்கும் முன் அங்கேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், உறையில் போடாமல் எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுங்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆர்மரர் ஐயா மேசையில் வெள்ளைத் துணி விரித்து, முதலில் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை எடுத்து உள்ளே தோட்டா இல்லை என்று என்னிடமும் காட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். லைசென்ஸில் இருந்த எண் ஆக்‌ஷனின் இடது பக்கம் இருந்தது. "இது ஜெர்மன்காரன் போட்டது. லண்டன்காரன் நம்பர் எங்கே?" என்று விசையைச் சுற்றி இருக்கும் வளையமான ட்ரிகர் கார்டைத் திருப்பினார். அங்கே வழவழவென்று பழுப்பு நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. நான் அதைத் துரு என்று நினைத்திருந்தேன். அவர் நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தார். சந்தனம். ஐம்பது அறுபது வருட ஆயுத பூஜையில் பாட்டியும் அப்புறம் அம்மாவும் அதே இடத்தில்தான் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் அப்பா எண்ணெய், அதன் மேல் மறுபடி சந்தனம். எண்ணெயில் நனைத்த பஞ்சை அரை மணி நேரம் ஒற்றி வைத்தார். பிறகு மூங்கில் பல்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க எடுக்க ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. கடைசி எண்ணின் வளைவுக்குள் மட்டும் குங்குமம் சிவப்பாகவே நின்றது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே லென்ஸ் வைத்து முத்திரைகளையும் காட்டினார். வளைந்த கத்தி பிடித்த ஒரு கை, அதன் கீழே என்பி என்ற இரண்டு எழுத்து: லண்டன் சோதனைச் சாலையில் புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்ததன் அடையாளம். பர்மிங்ஹாமில் சோதித்திருந்தால் கைக்குப் பதில் கிரீடம் இருக்கும். முகவரியும் பார்க்க வேண்டும் என்றார். பழைய ரிக்பிகளில் 72, செயின்ட் ஜேம்ஸஸ் தெரு, பிந்தையவற்றில் 43, சாக்வில் தெரு. எங்களுடையது சாக்வில். பெயர் எழுத்துகளின் பள்ளத்துக்குள்ளும் குழலின் கறுப்பு ஒரே மாதிரி இறங்கியிருந்தது. பின்னால் வெட்டிய பெயராக இருந்தால் பள்ளம் வெளிறித் தெரியும், விளிம்பு விரலில் உரசும் என்றார். விரலை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் உரசவில்லை.

உடனே லண்டனுக்கு எழுதத்தான் நினைத்தேன். அவர்தான் தடுத்தார். லைசென்ஸில் ஒரு எண், கம்பெனிக் கடிதத்தில் வேறு எண் என்றால் நாளைக்கு எவனாவது துப்பாக்கியை மாற்றிவிட்டான் என்று பெட்டிஷன் போட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும், முதலில் புத்தகத்தைச் சரி செய் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் ஆறு மாதம் தின்றது.

ஆயுத உரிமம் பார்க்கும் செக்‌ஷனுக்கு முதல் தடவை போனபோது அந்த கிளார்க் ஜமாபந்திக்குப் போயிருந்தார். அறுபது கிலோமீட்டர் பஸ், அரை நாள் லீவு, வீண். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள், ஜூன் மாதம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது தடவை ஆள் இருந்தார், மனுவைப் படித்துவிட்டு, "நம்பர் மாறினா துப்பாக்கியே மாறினதா அர்த்தம் சார். வேற துப்பாக்கின்னா புது மனு போடுங்க" என்றார். அதே துப்பாக்கி, எண் இரண்டு என்று எவ்வளவு சொன்னாலும் "புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. போட்டோவைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாவது தடவையும் அதேதான்.

காப்பாற்றியது தாத்தாவின் முதல் லைசென்ஸ் புத்தகம். அம்மாதான் டிரங்குப் பெட்டியில், அவருடைய சர்வீஸ் பேப்பர்களுக்கு அடியில் கண்டுபிடித்தார். 1950களில் எழுதிய அந்தப் பக்கத்தில் மசி மங்கியிருந்தாலும் தெளிவாக இரண்டு எண்ணும் இருந்தன, பக்கத்தில் ஜான் ரிக்பி, லண்டன் என்றும். எழுபதுகளில் புதுப் புத்தகத்துக்கு மாற்றும்போது ஒரு எண்ணை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறார்கள், அதுவும் தப்பான ஒன்றை. நான்காவது தடவை அந்தப் புத்தகம், ஆர்மரரின் கையெழுத்திட்ட அறிக்கை, போட்டோக்கள் மூன்றையும் வைத்து நேராக அதிகாரியைப் பார்த்தேன். அவர் பழைய பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஃபைலில் எழுதினார். ஐந்தாவது தடவை போய்த் திருத்திய புத்தகத்தை வாங்கினேன். பழைய லைசென்ஸ் புத்தகம் முடிந்துபோனது என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் லண்டனுக்கு எழுதியதும் பணம் கட்டியதும் சுலபம். இடையில் ஒரு ஏலத் தரகர், கடிதம் வந்தால் துப்பாக்கியை வெளிநாட்டுக்கு அனுப்பி நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நூறு வருடம் தாண்டிய பொருளை அப்படி அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது, ஆயுதச் சட்டம் தனி. அப்படி யாராவது ஆசை காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், துப்பாக்கி எண் தெரிகிற போட்டோவையும் அவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

கடிதம் சொன்னது இதுதான்: எண் பொருந்துகிறது, .275, 1924-ல் முடித்தது, மெட்ராஸ் வியாபாரி ஒருவருக்கு அனுப்பியது, குழல் நீளம் 25 அங்குலம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்.

ஆனால் 25 அங்குலம் உறுத்தியது. அன்று இரவே போல்ட்டை மூடி, முனை வழியாகத் துடைக்கும் கம்பியை அது முட்டும் வரை விட்டு, முனையில் நூல் கட்டி அளந்தேன். 23 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. முன்குறியை உற்றுப் பார்த்தால் ஈயம் வழிந்த கோடு. பெரியப்பாவுக்குப் போன் போட்டேன், அவருக்கு இப்போது எண்பத்தி நாலு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாடா, ஜீப்புல இருந்து விழுந்து வாய் நசுங்கிப்போச்சு. ஃபேக்டரி ஃபிட்டர்தான் அறுத்து, குறியைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தார். உங்க தாத்தா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல" என்றார். குழலை அறுத்ததால் சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை நிறையக் குறையும் என்று ஆர்மரர் ஐயா சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கடைக்காரர் சொன்னது பொய், தாத்தா சொன்னது உண்மை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. புத்தகத்தில் எண் திருத்தியாகிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டரில் லைசென்ஸுக்கான தனி அடையாள எண்ணான யுஐஎன் பதிவில் பழைய எண் மட்டும்தான் காட்டுகிறது. கிளார்க் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை போன் பண்ணி உறுதி செய்துகொண்டேன், தாத்தாவின் புத்தகத்தையும் கடிதத்தையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்தாகிவிட்டது.