கெடிலக்கரையில் சங்கிலி பிடித்த காலம்

சர்வேயர் வேலையில் பாதி, எல்லைக்கல் தேடுவதுதான். புலப்படத்தில், அதாவது நில வரைபடத்தில், கல் இருக்கும், தரையில் இருக்காது. எனக்கு வாய்த்தது கடலூர். திருவந்திபுரத்தில் தொடங்கி திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் என்று கெடிலம் ஆற்றை ஒட்டி வரும் பாதைகளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள், "ஒரு ஆறு, ஓரத்துல ஒரு ரோடு, இதை அளக்க இவ்வளவு நாளா?" என்பார்கள். அவர்களை ஒருமுறை கரையில் நடக்கவிட்டால் போதும், அப்புறம் கேட்கமாட்டார்கள்.

வெள்ளம் வந்துபோன இடத்தில் கல்லை மண் மூடியிருக்கும். தலையாரி அண்ணன் கடப்பாரையால் குத்திக்கொண்டே போவார். சத்தத்தை வைத்தே, "இது செங்கல் சார், தள்ளி வாங்க" என்பார். ஒருமுறை நாங்கள் தேடிய கல் ஒரு வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. சோப்பு நுரையைத் துடைத்துப் பார்த்தால் தலையில் வெட்டிய கோடு அப்படியே இருக்கிறது. அந்த வீட்டம்மா விடவில்லை. "எங்க மாமியார் காலத்துக் கல்லு தம்பி. நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டா நாங்க எதுல துவைக்கிறது?" இடம் மாறிய கல் எங்களுக்கும் உதவாது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மூன்று கிராமம் கூடுமிடத்துக் கல்லிலிருந்து மறுபடி அளவுச் சங்கிலி போட்டோம்.

இந்த ஊரில் அளவையின் வரலாறே வேடிக்கையானது. 1690இல் கிழக்கிந்திய கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் அதில் சேர்த்தி. நாலு பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். என் கையில் இருந்தது இருபது மீட்டர் சங்கிலி. சுட்டவனிடம் இருந்தது வெடிமருந்தை எவ்வளவு கெட்டிப்பது என்கிற சாமர்த்தியம். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இடித்துத் தள்ளினார். இப்போது கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சிதிலம்தான் மிச்சம்.

ஆறும் ஒரே இடத்தில் கிடந்ததில்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் கரையேறவிட்ட குப்பம், வண்டிப்பாளையம் பக்கம் இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தெற்கே ஓடிய ஆறு பின்னால் வடக்கே திரும்பிவிட்டது என்பார்கள் பெரியவர்கள். ஆறு போனாலும் சித்திரை அனுஷத்தில் கரையேற்று விழா அங்கேதான் நடக்கிறது.

திருவந்திபுரம் கோயில் பக்கம் முகூர்த்த நாளில் சங்கிலியை விரிக்கவே முடியாது, அவ்வளவு கல்யாணக் கூட்டம். மஞ்சக்குப்பத்தில் வேறு தொல்லை, எல்லோருக்கும் சட்டம் தெரியும்.

தேவனாம்பட்டினத்தில்தான் பதிவேடு எனக்குப் பொருந்தாமல் போனது. காகிதத்தில் அந்தக் கரை புறம்போக்கு, ஒரே வார்த்தை. போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முறை உண்டு. இன்னார் படகு இங்கே ஏற்றுவது, இன்னார் வலை காய்வது அங்கே, கருவாடு போடுகிற இடம் பெண்களுக்கு. வேலி கிடையாது, கல்லும் கிடையாது, ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வலை விரிக்கமாட்டார். கரண்டு பில், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, "பட்டா எப்ப சார் வரும்?" என்று கேட்பார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, வட்டாட்சியருக்கும் இல்லை. ஆக்கிரமிப்பாளர் என்று எழுத மட்டும் படிவத்தில் இடம் இருந்தது. ஆற்றைக் காக்க அந்த விதி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் கட்டி ஆற்றை நெருக்கியவரையும் படகு ஏற்றுகிறவரையும் ஒரே சொல்லில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் வரைபடத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன்: 'வலைக்களம்', 'படகுத்துறை', 'கருவாட்டுக்களம்'. மேலதிகாரி ஒருவர், "இதெல்லாம் எதுக்குய்யா? அழிச்சிடு" என்றார். மையில் எடுத்த படியில் அழித்தேன், பென்சில் படியை வைத்துக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு யார் எங்கே இருந்தார்கள், யாருடைய படகு எங்கே நின்றது என்று கணக்கெடுக்க ஆள் வந்தபோது, பதிவேட்டில் பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பென்சில் படியைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். திருப்பித் தரவில்லை.